மூன்றாவது கை

எடித் கிராமர் 1938-இல் அகதியாக நியூயார்க்கில் வந்து இறங்கியபோது அவரிடம் மருத்துவப் பட்டமும் இல்லை, உளவியல் பட்டமும் இல்லை. ஹிட்லரின் பிடி இறுகிக்கொண்டிருந்த ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த யூதப் பெண் அவர். வரையத் தெரியும், களிமண்ணில் உருவம் செய்யத் தெரியும், பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை செய்யத் தெரியும். அந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டுதான், பின்னாளில் அமெரிக்காவில் கலைச் சிகிச்சை என்ற துறைக்கு அடித்தளம் போட்ட ஒரு சிலரில் ஒருவராக அவர் ஆனார்.

இன்று சென்னையிலும் கோவையிலும் ‘ஆர்ட் தெரபி’ என்ற சொல் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிலரங்கு, கையோடு ஒரு சான்றிதழ். வண்ணம் தீட்டும் ‘மண்டலா’ புத்தகங்களுக்கும் அதே பெயர். பள்ளியில் ஒரு பிள்ளை சோர்ந்திருந்தால், வீடு ஒன்று, மரம் ஒன்று, மனிதர் ஒருவர் வரையச் சொல்லி, அந்தத் தாளை வைத்து அவன் மனத்தை எடை போட்டுவிடுகிறார்கள். ஆகவே, கலைச் சிகிச்சையாளர் என்பவர் யார், எங்கிருந்து வருகிறார், தன்னிடம் வருபவரை எப்படி நடத்துகிறார் என்ற கேள்விகளைச் சற்று அழுத்தியே கேட்க வேண்டியிருக்கிறது. அவற்றுக்கு எடித் கிராமரின் வாழ்க்கையைவிடத் தெளிவான பதில் வேறில்லை.

அவர் வியன்னாவில் 1916-இல் பிறந்தார். கவிஞர் தியோடர் கிராமர் அவருடைய சித்தப்பா. வீட்டைச் சுற்றி நாடகக்காரர்களும் எழுத்தாளர்களும் ஃபிராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வாளர்களும் இருந்தார்கள். ஆனால் அவரை உருவாக்கியவர் என்று ஒருவரைத்தான் சொல்ல வேண்டும்: ஓவிய ஆசிரியை ஃப்ரீடல் டிக்கர். ஜெர்மனியின் வைமார் நகரில் இயங்கிய பௌஹௌஸ் கலைப்பள்ளியில் யோஹன்னஸ் இட்டனிடம் பயின்றவர் டிக்கர். ஓவியம், நெசவு, மேடை அமைப்பு, அறைகலன் வடிவமைப்பு என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். இடதுசாரி நடவடிக்கைகளுக்காக 1934-இல் வியன்னாவில் கைதாகி, விடுதலையானதும் பிராக் நகருக்குப் போய்விட்டார். பள்ளிப் படிப்பை முடித்த எடித்தும் ஆசிரியையின் பின்னாலேயே பிராகுக்குப் போனார்.

பிராகில் அப்போது ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த அரசியல் அகதிகளின் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். டிக்கர் அவர்களுக்கு ஓவிய வகுப்பு எடுத்தார், எடித் கூட நின்று உதவினார். அச்சுறுத்தலில் வாழ்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாளில் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டார்கள். சிலர் தங்கள் வயதுக்குப் பின்னே போய்க் கிறுக்கினார்கள். சிலர் தங்களை மிரட்டியவனின் பக்கமே சாய்ந்து அவனையே வரைந்தார்கள். அச்சம் தாளில் எப்படியெல்லாம் வேஷம் போடும் என்பதை எடித் பாடநூல் வாயிலாகக் கற்கவில்லை. அந்த மேசைகளுக்கு நடுவே நின்று கற்றார்.

எடித் தப்பிவிட்டார். ஆசிரியை தப்பவில்லை. பாலஸ்தீனம் போக வாய்ப்பு வந்தும், கணவர் பவெல் பிராண்டெய்ஸை விட்டுவிட்டுப் போக மறுத்த டிக்கர், 1942 டிசம்பரில் கணவரோடு நாஜிகளின் டெரெசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். உடன் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டது சொற்பச் சுமை. அதில் பெரும்பகுதியை அவர் தாளுக்கும் வண்ணத்துக்கும் ஒதுக்கினார். முகாமின் நெரிசலான பிள்ளைகள் விடுதிகளில் ஒளிவுமறைவாக வகுப்பு நடத்தினார். தாள் தீர்ந்தபோது பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம் கைகொடுத்தது, கிழிந்த காகிதத் துண்டுகள் ஒட்டுப்படங்கள் ஆயின. கையைத் தளர்த்தும் தாளப் பயிற்சிகள், கதை சொல்லி வரையவைத்தல், பழைய ஓவியங்களைப் பார்த்துப் பயிலுதல் என்று, பௌஹௌஸில் தான் கற்றதை அங்கே அப்படியே கற்பித்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தில் பெயர் எழுத வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். மனிதர்களை எண்களாக்கிய ஓர் இடத்தில் அந்தக் கண்டிப்புக்கு என்ன மதிப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1944 அக்டோபரில் டிக்கர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். முன்னதாகவே வண்டியேற்றப்பட்ட கணவரைத் தொடர்ந்து, அடுத்த வண்டியில் தானே முன்வந்து ஏறியவர் அவர். பவெல் உயிர் பிழைத்தார். டிக்கர் விட்டுச் சென்ற இரண்டு பெட்டிகளில் ஏறக்குறைய 4,500 படங்கள் இருந்தன. அவை இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

டிக்கர் தன்னை ஒருபோதும் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அவர் ஓவிய ஆசிரியை, அவ்வளவுதான். ஆனால் எடித் கிராமர் காலமெல்லாம் தன் துறையின் வேர் என்று அந்த வகுப்பையே சொல்லிவந்தார். கலைச் சிகிச்சைக்கு மருத்துவமனையில் ஒரு பிறப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், வரைந்துகொண்டே தேறி, சக நோயாளிகளையும் வரையத் தூண்டி, 1942-இல் ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரையே உருவாக்கினார். நெதர்ன் மனநல மருத்துவமனையில் எட்வர்ட் ஆடம்சன் 1946-இலிருந்து நோயாளிகளுக்கு ஓவியக்கூடம் நடத்தினார். கவனித்துப் பாருங்கள், ஹில்லும் ஓவியர்தான், ஆடம்சனும் ஓவியர்தான். முதலில் தொழில் தெரிந்த கை, அதன் பிறகே சிகிச்சை.

நியூயார்க்கில் எடித் முதலில் ஒரு பள்ளியில் கற்பித்தார். போர்க்காலத்தில் ஒரு இயந்திரப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தார். வேலை நேரம் முடிந்தபின் அங்கேயே தங்கி, இயந்திரங்களோடு நின்ற தொழிலாளர்களை வரைந்தார். 1950-இல் வில்ட்விக் ஆண்பிள்ளைகள் பள்ளியில் வேலை கிடைத்தது. நியூயார்க் நகரின் சேரிகளிலிருந்து நீதிமன்றம் அனுப்பிய, பெரும்பாலும் கறுப்பினச் சிறுவர்கள் தங்கியிருந்த உறைவிடப் பள்ளி அது. பின்னாளில் உலகக் குத்துச்சண்டைச் சாம்பியனான ஃபிளாய்ட் பேட்டர்சனும் எழுத்தாளர் கிளாட் பிரௌனும் அங்கே இருந்தவர்கள். அடி வாங்கியும் அடித்தும் பழகிய பிள்ளைகளிடம் சாதாரண ஓவிய ஆசிரியர் யாரும் நிலைக்க மாட்டார் என்று கருதிய மனநல மருத்துவர் வயோலா பெர்னார்ட், எடித்துக்குக் ‘கலைச் சிகிச்சையாளர்’ என்ற பதவிப் பெயரைக் கொடுத்தார். ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார் எடித். அந்த அனுபவம் 1958-இல் நூலாக வந்தது. 1971-இல் வந்த இன்னொரு நூல் இன்றும் உலகெங்கும் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

ஒரு பிள்ளை வண்ணத்தையும் மண்ணையும் என்னென்ன விதமாகப் பயன்படுத்துகிறான் என்பதை எடித் ஐந்தாகப் பிரித்தார். முதலாவது, பிசைந்தும் பூசியும் கிறுக்கியும் பொருளைத் தெரிந்துகொள்வது. அடுத்தது, தாறுமாறாகக் கொட்டுவது, அடிப்பது, சிதறடிப்பது. மூன்றாவது, அச்சுப் பிசகாமல் ஒன்றையே திரும்பத் திரும்ப வரைந்து தன்னைக் காத்துக்கொள்வது. பேச்சுக்குப் பதிலாகச் சேதி சொல்லும் குறிப்புப் படங்கள் நான்காவது. ஐந்தாவதுதான் உண்மையான கலை. தன் உணர்வையும் சொல்லி, பார்ப்பவரையும் தொட்டு, உள்ளுக்குள் ஒரு கட்டுக்கோப்போடு நிற்கும் படைப்பு அது.

பிள்ளை மேசையை அடித்து வண்ணத்தைக் கொட்டினால் “ஆத்திரம் வெளியே போகட்டும், நல்லது” என்று கைகட்டி நிற்பதைச் சிகிச்சை என்று எடித் ஏற்கவில்லை. கொட்டித் தீர்ப்பதால் ஆத்திரம் தீர்வதில்லை. அந்த ஆத்திரமே ஒரு புலியாக, ஒரு எரிமலையாக வடிவம் பெறும்போதுதான் அவனுக்கு அதன் மேல் ஒரு பிடி கிடைக்கிறது. படைக்கும் செயலிலேயே குணம் இருக்கிறது என்பது அவருடைய நிலைப்பாடு. அந்தப் பிடியை எட்டிப் பிடிக்கத் துணையாக நிற்பவரே சிகிச்சையாளர். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மூன்றாவது கை’. வரைபவரின் இரண்டு கைகளுக்கும் உதவியாக வரும் கை. அது தன் ரசனையைத் திணிக்காது, படத்தின் பொருளைத் திருப்பாது, வரைபவர் எங்கே போக நினைக்கிறாரோ அங்கே போகத் தடையாக இருப்பதை மட்டும் விலக்கும்.

சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. செய்வது எப்படி? களிமண் மேசையைப் பார்த்தால் புரியும். எட்டு வயதுப் பிள்ளை ஒருவன் யானை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெரிய உடம்பு, கீழே நான்கு மெல்லிய குச்சிக் கால்கள். பத்து நிமிடத்தில் கால்கள் நசுங்கி யானை சாய்கிறது. வாழ்க்கையில் எதைத் தொட்டாலும் உடைந்துபோகும் என்று ஏற்கெனவே நம்பிவிட்ட பிள்ளை, அடுத்த நொடி அதை முஷ்டியால் குத்திக் கூழாக்கிவிடுவான். சிகிச்சையாளர் அந்த நொடிக்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழே ஒரு மண் உருண்டையை முட்டுக்கொடுக்கலாம் என்று காட்ட வேண்டும். கால் ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கீறிவிட்டு, நீர்த்த மண்குழம்பைத் தடவி அழுத்தினால் காய்ந்த பிறகும் பெயராது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே காற்று அடைபட்டு, ஈரம் காயாமல் சூளைக்குப் போனால் வெடித்துவிடும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். யானைக்குத் தும்பிக்கை எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லக் கூடாது. அது பிள்ளையின் யானை.

மண்ணைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்வார்? “பரவாயில்லை கண்ணா, முயற்சிதான் முக்கியம்” என்பார். பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். மனத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் தானே அதை வாங்கி அழகான யானையாகச் செய்து கொடுத்துவிடுவார். முதலாமவர் பிள்ளையைத் தோல்வியோடு விட்டுவிடுகிறார், இரண்டாமவர் யானையைப் பறித்துக்கொள்கிறார். இரண்டு பயிற்சியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான். பார்வையற்ற பிள்ளைகளோடும் எடித் வேலை செய்தார். விரல்களே கண்களாக இருக்கும் அவர்களிடம், மண்ணைத் தெரிந்த கைக்கு மட்டுமே வேலை இருந்தது.

பொருளைத் தேர்ந்து கொடுப்பதிலும் இந்தப் பக்குவம் வேண்டும். பென்சில் அடங்கி நடக்கும். நீர்வண்ணம் தன் போக்கில் ஓடும். எல்லாம் கைமீறிப் போகிறது என்று தவிப்பவரிடம் முதல் நாளே நீர்வண்ணத்தைக் கொடுத்தால் அவர் மறுநாள் வர மாட்டார். களிமண் அடியைத் தாங்கும், மறுபடியும் பிசைய இடம் கொடுக்கும். வந்தவர் எந்தப் பெட்டியைத் திறக்கிறார், எதைத் தொடாமல் தள்ளிவைக்கிறார், அழிரப்பரை எத்தனை முறை எடுக்கிறார் என்பதையெல்லாம் சிகிச்சையாளர் கவனித்துக்கொண்டே இருக்கிறார். முடிந்த படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

எடித்தோடு ஒத்துப்போகாதவர்களும் உண்டு. அவருக்கு முன்பே அமெரிக்காவில் இத்துறையைத் தொடங்கிய மார்கரெட் நௌம்பர்க், படத்தை மனத்தின் அடியாழத்திலிருந்து வரும் பேச்சாகப் பார்த்தார். வரைந்தவரே அதைப் பற்றித் தன் போக்கில் பேசி, அதன் பொருளைத் தானே கண்டடைய வேண்டும் என்பது அவர் முறை. கலையே மருந்தா, மருந்துக்குக் கலை ஒரு கருவியா என்ற இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. முடிய வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் நல்ல சிகிச்சையாளர்கள் இரண்டையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தின் பொருளை வரைந்தவரே சொல்ல வேண்டும் என்றுதான் நௌம்பர்க்கும் கேட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவர் தீர்ப்புச் சொல்லும் வேலையை அவரும் சிகிச்சை என்று சொல்லவில்லை.

நம் ஊரில் நடப்பதோ பெரும்பாலும் அந்தத் தீர்ப்புதான். கறுப்பு வண்ணம் என்றால் மனச்சோர்வு, கை வரையவில்லை என்றால் தன்னம்பிக்கை இல்லை, கண் பெரிதாக இருந்தால் சந்தேக குணம் என்று ஜாதகம் பார்ப்பதுபோல் படம் பார்க்கிறார்கள். வகுப்பில் மற்ற வண்ணக்குச்சிகளையெல்லாம் வேறு பிள்ளைகள் எடுத்துக்கொண்டதால் கறுப்பு மட்டும் மிஞ்சியிருக்கலாம் என்று யோசிப்பவர் குறைவு. இந்தப் பழக்கத்தின் அஸ்திவாரத்தை 1967-இலேயே லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஆட்டிப் பார்த்துவிட்டார்கள். மனித உருவப் படங்களையும் நோய் அறிகுறிகளையும் எந்தத் தொடர்பும் இல்லாமல் தாறுமாறாக இணைத்து, பயிற்சி எதுவும் இல்லாத கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். சந்தேக நோய் உள்ளவர்கள் கண்ணைத் தூக்கலாக வரைகிறார்கள் என்று, அனுபவமுள்ள உளவியலாளர்கள் சொல்லிவந்த அதே ‘தொடர்பை’ மாணவர்களும் கண்டுபிடித்தார்கள். இல்லாத தொடர்பு! கண் என்றால் சந்தேகம் என்று நம் மனத்தில் முன்பே ஊறிய எண்ணம்தான் படத்தில் தெரிகிறது. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அப்படிப்பட்ட ஒரு தாளின்மேல் எழுதுவது அநியாயம்.

கலைச் சிகிச்சை எல்லாரையும் குணப்படுத்தும் என்று சொல்வதும் தவறு. பிரிட்டனில் மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. வாரம் ஒருமுறை குழுவாகக் கலைச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறவில்லை. அந்த ஆய்வில் வருகையே மிகக் குறைவாக இருந்தது. துறையை நேசிப்பவர்கள் இந்த முடிவை மறைக்கக் கூடாது. பட்டியல் போட்டு ஆளை அனுப்பிவைத்தால் மூன்றாவது கைக்கு வேலை இல்லை, அது வரையத் தொடங்கியவருக்குத்தான் உதவும் என்பதே இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம். மாத்திரை தேவைப்படும் நோயாளிக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு வண்ணப்பெட்டியைக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகி நிற்பது நல்லது.

டிக்கரும் எடித்தும் காட்டிய வழியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு, இலங்கையின் மட்டக்களப்பில். போர் நடந்துகொண்டிருந்த 1996-இல் கனடா ஓவியர் பால் ஹோகன், இயேசு சபைப் பாதிரியாரும் உளவள ஆலோசகருமான பால் சற்குணநாயகம் அடிகளார் ஆகியோரின் முயற்சியில் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பேருந்தில் வந்தார்கள். மண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள், செடி வளர்த்தார்கள். கூட நின்றவர்கள் அந்த மண்ணின் இளைஞர்கள், அவர்களிலும் பலர் போரில் அடிபட்டவர்கள். எவன் மகன், எந்த ஊர் என்று பார்த்துப் பழக்கப்பட்ட பிள்ளைகள் ஒரே மண் குவியலில் கை வைத்தார்கள். “உனக்கு என்ன நடந்தது, சொல்” என்று யாரும் அவர்களை நெருக்கவில்லை. சொல்ல வேண்டியவர்கள் தாங்களே கதையில் சொன்னார்கள், பொம்மையின் வாயில் சொன்னார்கள். டெரெசினில் ஃப்ரீடல் டிக்கர் செய்ததற்கும் இதற்கும் உள்ள உறவு கண்கூடு.

இனி, நாம் என்ன செய்ய வேண்டும்? பிரிட்டனில் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்பது சட்டம் காக்கும் தொழிற்பெயர், பதிவு பெறாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் இதற்கு முதுகலைப் படிப்பும், மூத்தவரின் மேற்பார்வையில் நீண்ட காலப் பயிற்சியும் வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு படிப்பை 1970-களில் உருவாக்கியவர்களில் எடித் கிராமரும் ஒருவர். இந்தியாவிலும் 2021-இல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடன, அசைவுச் சிகிச்சையாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். அட்டவணையில் பெயர் இருந்தால் போதாது. பாடத்திட்டம், பயிற்சிக் காலம், பதிவேடு மூன்றும் நடைமுறைக்கு வர வேண்டும். அதுவரை, பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: நீங்கள் எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள்? உங்களுக்கு மேற்பார்வையாளர் யார்? நீங்களே வரைகிறீர்களா? என் பிள்ளையின் படங்களை எங்கே வைப்பீர்கள்? வந்தவர்களின் படங்களை இன்ஸ்டாகிராமில் போடுபவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, உடற்கல்வி முதலிய பாடங்களுக்காக 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக் கணக்கில் போராடிவருகிறார்கள். ஓவிய ஆசிரியர் சிகிச்சையாளர் அல்லர், அவரை அப்படி ஆக்கவும் வேண்டாம். ஆனால் அடிபட்டு வரும் பிள்ளை ஒரு தாளையும் ஒரு பெரியவரையும் நம்பிக்கையோடு சந்திக்கும் முதல் இடம் அவருடைய வகுப்புதான். பிள்ளைகளை மனநல ஆலோசகரிடம் அனுப்பத் திட்டம் போடும் முன், ஓவிய ஆசிரியர்களை நிரந்தரமாக்குங்கள். ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள்.